டீக்கடையில் முடிந்த சமாதானம்

மாப்பிள்ளை,

நாளைக்குத் தாலுகா ஆபீஸில் மறுபடியும் சமாதானக் கூட்டம். பீரோவிலிருந்து கரையில்லாத வேட்டியை எடுத்தேன். அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கட்சிக் கரை போட்ட வேட்டியோடு போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று, புதுக்கோட்டையில் ஒரே கடையில் ஆளுக்கொன்று வாங்கினோமே, அதுதான்.

உன் ஊருக்காகப் பேச உன் கட்சியிலிருந்து நீ, என் ஊருக்கு எதிர்க்கட்சியிலிருந்து நான். இரண்டு ஊருக்கும் ஒரே கண்மாய். மீன்பிடித் திருவிழா அன்று கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசி ஜனங்களை இறக்கிவிடுவது எந்த ஊர் என்பதில் மண்டைகள் உடைந்து போலீஸ் வழக்காகிப் போனதிலிருந்து மீன்பிடியே கிடையாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் நாள் டீக்கடையில் உட்கார்ந்து, யார் எதற்குக் கத்துவது, யார் எதில் விட்டுக்கொடுப்பது என்று பேசி வைத்துக்கொள்வோம். மறுநாள் உள்ளே மேசையைத் தட்டுவோம். தாசில்தார் பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பார். "பார்லிமென்ட்லயும் இதான் மச்சான், கேமரா முன்னாடி சண்டை, கேன்டீன்ல ஒண்ணா சாப்பாடு" என்பாய். இரண்டு ஊரும் வழக்குகளை வாபஸ் வாங்கியது அப்படித்தான்.

கடைசிக் கூட்டத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இந்த வருஷம் எங்கள் ஊர் துண்டு வீசட்டும், அடுத்த வருஷம் உங்கள் ஊர் என்று டீக்கடையில் சொன்னது நீ. மறுநாள் எழுந்து, "எங்க ஊரு இதுக்குச் சம்மதிக்காதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி என் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டாய். கோபத்தில் நான் ஏனென்று கேட்கவில்லை. கோபம் ஆறி உன்னிடம் வருவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது உன் இடத்தில் உன் வீட்டுக்காரி, தங்கச்சிதான் வார்டு மெம்பர். பழைய வழக்கப்படி பேசி வைத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கு உன் வீட்டுக்குப் போனேன். டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னது:

"நீங்க பேசி வச்சத அன்னைக்குக் காலையில அவரு சொன்னாருண்ணே. மீன் புடிக்க ஊத்தாக் கூடையத் தூக்கிக்கிட்டு கண்மாய்க்குள்ள எறங்குறவுக நாங்க. எங்களக் கேக்காம நீங்க ரெண்டு பேரும் எப்புடி முடிவு பண்ணலாம்னு பொம்பளைங்க எல்லாம் கேட்டோம். அதான் கூட்டத்துல அப்புடிச் சொன்னாரு."

நாளைக்கு என்ன சொல்லப்போகிறாய் தங்கச்சி என்றேன்.

"ஊருல எல்லாரையும் இன்னும் கேட்டு முடியலண்ணே."

அப்படியானால் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நாம் செய்ததெல்லாம் என்ன? ஊர்ப் பேரைச் சொல்லி இரண்டு பேர் ஆடிய நாடகமா? அந்த நாடகத்தால்தானே இரண்டு ஊர்ப் பையன்களும் போலீஸுக்குப் பயப்படாமல் வீட்டில் தூங்கினார்கள்? எல்லோரையும் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் இந்த ஜென்மத்தில் மீன்பிடி நடக்குமா? எனக்கு எதுவும் பிடிபடவில்லை, மாப்பிள்ளை.

வீட்டுக்கு வந்து, துண்டை யார் வீசலாம் என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி, "என்னையா கேக்குறீங்க?" என்றாள். யார் வீசினாலும் சரி, விரால் குழம்பு வைத்து நாளாச்சு என்றாள். பக்கத்து வீட்டிலோ, விட்டுக்கொடுத்தால் ஊருக்குள் தலைகாட்டாதே என்கிறார்கள். மீதித் தெருவை இன்னும் கேட்கவில்லை.

நாளைக்கு இந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பேன். "எங்க ஊரு" என்று உன்னைப் போலவே ஆரம்பிப்பேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ள நீ இல்லை.