இறக்கத்தை யாரும் யோசிக்கவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

புது பூட்ஸைப் பழக்க வேண்டும் என்று இன்று மருந்துக்கடைக்கே போட்டுக்கொண்டு போனேன். மேலே வெள்ளைக் கோட்டு, கீழே மலையேறும் பூட்ஸ். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நடந்தால் கடை முழுக்கச் சத்தம். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர், உள்ளே தச்சு வேலை நடக்கிறதா என்று கேட்டார். வலது குதிகாலில் உரசுகிறது. ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும். ஆகியே தீர வேண்டும்.

ஆஸ்திரியாவில் நான்கு மலைக்குடில்களிலும் படுக்கை உறுதி என்று பதில் வந்துவிட்டது. எனக்கும் தங்கை ரூலிக்கும். பகலெல்லாம் நடை, இரவு ஒரு குடிலில் தூக்கம், மறுநாள் அடுத்த குடிலுக்கு நடை. சாப்பிடும்போது ஹார்மிடம் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து எங்கள் விடுமுறை என்றால் கேரவன், டென்மார்க் கடற்கரை, மடக்கு நாற்காலி.

"மலையில என்ன இருக்கு தினா? பார்வையை மறைச்சுக்கிட்டு நிக்கும்," என்றான் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே.

"நீ வர வேண்டாம்."

"நான் எங்க வர்றேன்னு சொன்னேன்?"

அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் பயந்து தள்ளிப்போட்ட பேச்சு, உருளைக்கிழங்கு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நெதர்லாந்தில், மேடு பள்ளமே இல்லாத எங்கள் டெல்ஃப்சைலில் எதன் மேல் ஏறுவது? கடல் அணைக்கரைதான் இங்கே உயரமான இடம். அதன் மேல் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தன. மேலே போவதற்குள் ரூலிக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். துறைமுக கேன்டீனில் வேலை. பதினான்கு வயதிலிருந்து சிகரெட்.

நிறுத்தினால்தான் அழைத்துப் போவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கடையிலிருந்து நிக்கோட்டின் பட்டைகளும் கொண்டுவந்து கொடுத்தேன். "இதைக் கையில ஒட்டிக்கிட்டா அதுவே என்னை மேல ஏத்தி விட்டுருமா?" என்கிறாள். இவளோடு எப்படிப் போகப்போகிறேன்?

பிப்ரவரி 15, சனி

நல்ல யோசனை வந்தது. ரூலி குடியிருக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் படிகள். முதுகில் பையைப் போட்டுக்கொண்டு உச்சி வரை ஏறுவது, லிஃப்டில் இறங்குவது, திரும்ப ஏறுவது.

"இறங்குறதும் நடந்தா என்ன?" என்றாள்.

"இறங்குறதுக்கு என்ன பயிற்சி வேண்டியிருக்கு? தண்ணிகூடத் தானா இறங்கும்."

"எந்த ஊருத் தண்ணி? நம்ம ஊருல அதுக்கும் பம்பு வைக்கணும்."

கடைசியில் நான் மட்டும் லிஃப்டில் வந்தேன். லிஃப்டில் நாய் வாடை அடிக்கிறதாம், அவள் வெளிப்பக்க அவசரப் படி வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு வருவாளாம். ஒவ்வொரு தடவையும் கீழே அவளுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நேரம் வீண். சொன்னேன். கேட்கிற ஆள் இல்லை.

மார்ச் 8, சனி

லிஃப்டில் மறுபடியும் பதினோராம் மாடி போல்ஹௌஸும் அவர் நாயும்.

"மேல ஏதாவது மறந்து வச்சிட்டு வந்தீங்களா? காலையிலேருந்து மேலயும் கீழயுமா இருக்கீங்க."

"ஆல்ப்ஸுக்குப் பயிற்சி."

"அங்கயும் லிஃப்டு வச்சிருக்கானா?"

முதுகு முழுக்க வியர்வை. நாய் என் பூட்ஸை நக்கியது. மூச்சு முன்பைவிட நன்றாக இருக்கிறது, அதுதான் முக்கியம்.

மார்ச் 29, சனி

ஹார்மின் பிறந்தநாள். எங்கள் ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, கையில் காபி, ஆளுக்கொரு கேக் துண்டு. வட்டத்தில் மாட்டிக்கொண்டால் தப்ப முடியாது. எல்லாருக்கும் எங்கள் பயணம்தான் பேச்சு.

"ரூலியைத் தூக்கிட்டு வர ஹெலிகாப்டர் சொல்லி வச்சாச்சா?" என்றான் ஹார்மின் தம்பி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அவ பாதி வழியிலயே காபி கேட்டு உக்காந்துருவா," என்று நான் வேறு ஒன்று சேர்த்தேன். ரூலி கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் திருப்பிக் கொடுப்பவள், இன்று அதை முள்கரண்டியால் பொடிப்பொடியாக்கினாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பை கட்டிப் பார்த்தோம். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக வெட்டினேன். ரூலி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நான் எடுத்து வைத்திருந்த முற்ற வைத்த கெட்டிப் பாலாடைக்கட்டியையும் நிலக்கடலை வெண்ணெய்ப் புட்டியையும் தூக்கிப் பார்த்து, "பிரஷ்ல மிச்சம் பிடிச்சு இதுல விட்டுட்டியே. ஆஸ்திரியாக்காரன் பட்டினியா கிடக்கான்?" என்றாள். புட்டி வெளியே போனது. பாலாடைக்கட்டியை விடமாட்டேன்.

மலைக்குடில்களில் சொந்தப் படுக்கைத் துணி வேண்டும். பழைய விரிப்பில் எங்கள் இருவருக்கும் உறைபோல் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என்னுடையது சூரியகாந்திப் பூ போட்டது. அவள் தைப்பாள் என்று எனக்குத் தெரியாது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நீ கேட்டதில்ல," என்றாள்.

பையின் அடியில் பாலாடைக்கட்டி சீவும் கரண்டி கிடந்தது. ஹார்ம் போட்டிருக்கிறான். எடுத்து வெளியே வைத்தேன்.

மே 4, ஞாயிறு

மழை. படி. லிஃப்ட். படி. லிஃப்ட்.

மே 10, சனி

ஏன் மலை என்று இன்று கடையில் கேட்டார்கள். உடற்பயிற்சி என்று சொல்லிவைத்தேன். உண்மையை இங்கே எழுதலாம். இருபது வயதில் தோழிகளோடு இத்தாலிக்கு ரயிலில் போனேன். விடியும்போது விழித்தால் ஜன்னல் முழுக்கப் பாறை, பாறைமேல் பனி. வானத்துக்கு இடமே இல்லை. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி அதன்மேல் நடக்க வேண்டும்போல் இருந்தது. ரயில் நிற்காமல் ஒரு சுரங்கத்துக்குள் போய்விட்டது.

அது எனக்கு வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டும்.

மே 30, வெள்ளி, ஜெர்மனி

நீண்ட விடுமுறை. சாவர்லாண்ட் குன்றுகளில் ஒத்திகை.

ஏறும்போது நான் முன்னால். பாதிக்கு மேல் ரூலிக்காக நின்று நின்று போனேன். படிகள் வீண்போகவில்லை என்று மனசுக்குள் ஒரே பெருமை. மேலே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம்.

இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கியது. அப்புறம் முழங்கால். உள்ளே மணலைப் போட்டு அரைப்பதுபோல். ஒவ்வொரு அடிக்கும் — ஐயோ. ஒரு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்ந்தேன். குழந்தையைத் தோளில் வைத்த ஒரு ஜெர்மன்காரர் "உதவி வேண்டுமா" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார். ரூலியோ ஆடு மாதிரி குதித்துக்கொண்டு கீழே போய்விட்டாள். என்னைக் காணாமல் திரும்ப மேலே ஏறி வந்தாள். என் பையை வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன்.

காரில் ஏறக் காலை மடக்க முடியவில்லை. கையால் தூக்கி உள்ளே வைத்தேன்.

மே 31, சனி

முழங்கால் இரண்டும் ரொட்டி மாதிரி உப்பியிருக்கின்றன. ஐஸ் வைத்துக்கொண்டு ஹோட்டலிலேயே படுத்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் எப்படி வலிக்கவில்லை என்று ரூலியைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்.

"நீ லிஃப்டுல இறங்குவே. நான் வெளிப்படி வழியா நடந்து இறங்குவேன். பன்னிரண்டு மாடி. ஒவ்வொரு தடவையும் ஒரு சிகரெட்."

"நாய் வாடைன்னே?"

"நாய் வாடையும் உண்டு."

மூணரை மாசம்! பட்டையும் ஒட்டிக்கிட்டு, அது மேல சிகரெட்டும் பிடிச்சுக்கிட்டு, அதனாலயே அவளுக்குக் கால் பழகிப்போச்சு. நான் ஒழுங்கா திட்டம் போட்டு, ஒழுங்கா செஞ்சு, இங்க ஐஸ் மூட்டையோட கிடக்கிறேன். எதுக்குக் கோபப்படறதுன்னே தெரியல. ரெண்டுக்கும் சேர்த்துக் கத்தினேன். ஹோட்டல்காரர் கதவைத் தட்டினார்.

மிச்ச சிகரெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். பார்க்கலாம்.

ஜூன் 3, செவ்வாய்

பிசியோதெரபி. வெசல் என்று ஒரு பையன், நல்ல மாதிரி. முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு என்ன பயிற்சி செய்தேன் என்று கேட்டான். சொன்னேன். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு தெரிந்தது.

"உடம்பைத் தூக்குற வேலையைக் காலுக்குப் பழக்கிட்டீங்க. இறங்கும்போது தாங்குற வேலையைப் பழக்கவே இல்ல. நம்ம ஊர்ல இறக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே தோணும்."

தேய்மானமும் கொஞ்சம் இருக்கிறதாம். ஆகஸ்டில் போக முடியுமா என்றதற்கு, ஜூலை நடுவில் பார்த்துத்தான் சொல்வேன் என்கிறான். குடில்களை ரத்து செய்யவும் அதுவரைதான் அவகாசம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஹார்ம் டீ கொண்டுவந்து வைத்தான். "டென்மார்க்ல நம்ம இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்," என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். டீயைக் குடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்றுமுதல் தலைகீழ்ப் பயிற்சி. லிஃப்டில் மேலே, நடந்து கீழே. மெதுவாக, பை இல்லாமல்.

போல்ஹௌஸ் லிஃப்டில் என்னைப் பார்த்து, "இப்போ மேல போறதுக்கா? ஏறுறது கைவிட்டாச்சா?" என்றார். விளக்கிச் சொன்னேன். யோசித்துவிட்டு, "நாய்க்கும் இறங்கறதுதான் கஷ்டம், பாவம்," என்றார்.

ரூலி எனக்கு இரண்டு படி கீழே, என்னைப் பார்த்தபடி இறங்கினாள். "கைப்பிடியில தொங்காதே. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வை. அவசரப்படாதே, கீழ யாரும் உனக்காகக் காத்துக்கிட்டு இல்ல." அவள் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல்தடவையாக இருக்கும். ஹார்மின் பிறந்தநாளில் சொன்னது தப்பு என்று நாலாம் மாடியில் சொன்னேன். "எது? காபியா?" என்றாள். "காபி கேட்டுத்தான் இருப்பேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

ஜூன் 28, சனி

பையோடு ஐந்து தடவை. வீக்கம் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெசல் வெள்ளியன்று சொல்லிவிட்டான். சின்ன இறக்கங்கள் பரவாயில்லை. மூன்றாம் நாள் கணவாயிலிருந்து பள்ளத்தாக்கு வரை ஒரே மூச்சில் இறங்குவது மட்டும் கூடவே கூடாது. அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. மறுநாள் ஏற வேண்டிய பாதை அந்தப் பள்ளத்தாக்கில்தான் தொடங்குகிறது.

இரண்டு நாள் யோசித்தேன். இன்று ரூலியிடம் போய், நீ வேறு யாரையாவது அழைத்துக்கொண்டு போ என்றேன்.

"யாரை? போல்ஹௌஸையா?" என்றபடி வரைபடத்தை மேசையில் விரித்தாள். கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு கோடு. ரோப் கார்.

"அது நடக்காதவங்களுக்கு," என்றேன். "எல்லாத்தையும் என் காலாலயே நடக்கணும்னு இருந்தேன்."

"அக்கா, இங்க பாரு. குளிர்காலம் பூரா நீ என்ன பயிற்சி எடுத்தே? ஏறுறது நடந்து, இறங்குறது லிஃப்டுல. இந்த ஐரோப்பாவுலயே அதுக்கு உன்னை மாதிரித் தயாரான ஆள் கிடையாது."

"அது ரோப் கார்."

"கம்பியில தொங்கினாலும் லிஃப்டு லிஃப்டுதான்."

இந்த மாதிரிச் சிரித்து எத்தனை நாளாகிறது. குடில்களை ரத்து செய்யவில்லை. போகிறோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாளை ரயில். கடைசியாகப் பையைச் சரிபார்த்தேன். பாலாடைக்கட்டி சீவும் கரண்டி மறுபடியும் அடியில் கிடக்கிறது. இந்தத் தடவை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன், ஆஸ்திரியா

காலையில் கணவாயை அடைந்தோம். நான் முன்னால், ரூலி பின்னால் இருமிக்கொண்டே. மேலே போய் நின்றால் எதிரில் பாறை, பாறைமேல் பனி. அண்ணாந்து பார்த்தால்தான் வானம். ரயில் எதுவும் இழுத்துக்கொண்டு போகவில்லை. வேண்டிய மட்டும் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். ரூலி பாலாடைக்கட்டியைச் சீவி ரொட்டியில் வைத்து நீட்டினாள். கரண்டி கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

ரோப் கார் நிலையத்தில் அவள் பையையும் நானே வாங்கிக்கொண்டேன். வண்டியில் வருகிற பைக்கு என்ன கஷ்டம். அவள் வெறுங்கையோடு இறங்கட்டும். என்னோடு வண்டியில் இரண்டு கைக்குழந்தைகளும் ஒரு நாயும் இருந்தன. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

கொஞ்சதூரம் இறங்கியதும் கீழே வளைந்து வளைந்து போகும் பாதை தெரிந்தது. அதில் சிவப்புச் சட்டை, ரூலி. குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வளைவில் நின்றாள். தலைக்கு மேல் சின்னதாகப் புகை.

கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். கேட்டிருக்காது. ஆனால் வண்டியின் நிழல் மேலே விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள், சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகையில் என்னிடம் மாட்டிக்கொண்ட அன்றும் இதே மாதிரிதான் நின்றாள்.

கையை ஆட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளும் இன்னொரு கையை ஆட்டினாள்.

இப்போது கீழே பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்துக் காபி சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். வந்தால் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நாளை முழுக்க ஏற்றம். ஏற்றம் எனக்கு வரும்.