எரிமலை முகம் காட்டாத ஊரில் கேட்ட குரல்

என் ஆசை மச்சாள் வசந்திக்கு,

உமக்குச் சொல்ல ஒரு பெரிய புதினம் வைத்திருக்கிறேன். நானும் உம்முடைய அண்ணாவும் எரிமலை பார்க்கப் போய்விட்டு வந்தோம்! ஓமப்பா, குவாத்தமாலாவுக்குத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் திரும்பத் திரும்பப் பார்த்தீரே, ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், அக்கரையில் கூம்பாக ஒரு மலை, அந்த ஊருக்கேதான். நேற்றுத்தான் எங்கள் மோர்னிங்சைட் தெரு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெட்டி இன்னும் திறக்கவில்லை. உமக்கு எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

முதலில் சிரியும். மலையை நாங்கள் பார்க்கவேயில்லை!

உம்முடைய முதல் வருசத்து ஆட்டைத்திவசம் முடியட்டும் என்று காத்திருந்து ஓகஸ்டில் போனோம். இங்கே ஓகஸ்ட் என்றால் நல்ல வெயில், எல்லாரும் லீவு எடுக்கிற காலம். அங்கே அதுதான் மழைக்காலமாம்! ஊரில் மாரி மழையில் நனைந்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும், உலகத்தில் மழைக்காலம் என்று ஒன்று இருப்பதையே மறந்து டிக்கெட் போட்டிருக்கிறோம். இந்தப் பனி நாட்டில் குளிருக்குப் பயந்தே பழகிவிட்டோம் பாரும். பெட்டிக்குள் ஸ்வெட்டர் அடைந்து கிடந்தது, குடை ஒன்றுகூட இல்லை. "மச்சாள், உமக்கு மூளை கீளை இருக்கோ?" என்று கேட்டிருப்பீர்.

ஆனால் நான் மலைக்காக மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் உமக்குத் தெரியும்தானே. உம்முடைய அண்ணா என் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டால் பெண்சாதிக்கும் கேட்கும் என்பது அவருடைய நினைப்பு. எனக்கும் உமக்கும் சேர்த்து ஒரே கூப்பாடு, "வசந்தி!" நாங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய், யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கு முன்னாலேயே சண்டைபிடிப்போம்.

நீர் போன பிறகு அந்தப் பெயரை அவர் சொல்லவேயில்லை. என்னைக் கூப்பிட அவரிடம் வேறு பெயரும் இல்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் குசினி வாசலில் வந்து நின்று செருமுவார், அவ்வளவுதான். பயந்துபோனேன் மச்சாள். இந்த மனிசன் இப்படியே பேச்சில்லாமல் போய்விடுவாரோ என்றுதான், வரமாட்டேன் என்றவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அக்கரைக்குப் போக எங்களுக்கு இருந்தது ஒரேயொரு நாள். விடியும்போதே கொட்டத் தொடங்கிவிட்டது. படகு ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏரியும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை, முன்னால் வெள்ளையாக ஒரு மூடுபனிப் புகார் மட்டும். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா சோள ரொட்டி சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார். நான் கொண்டுபோன சம்பலை எடுத்து நீட்டினேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய, இன்னும் தா என்று கையை நீட்டினார் மனிசி! தெருவில் சிவப்புச் சிவப்பாக ஓட்டோக்கள் வேறு. "உது எங்கட ஓட்டோ" என்றார் உம்முடைய அண்ணா. மத்தியானம் வரைக்கும் அவர் வாயால் வந்தது அது ஒன்றுதான்.

மழை கொஞ்சம் விட்டது. "குடை ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லிச் சந்தைப் பக்கம் இறங்கினேன். திரும்பவும் பிடித்துக்கொண்டது பாரும், வானம் பிளந்த மாதிரி. ஒரு துணிக்கடைத் தறப்பாளுக்குக் கீழே ஒதுங்கினேன். அந்த நெசவையும் நிறங்களையும் பார்த்தால் நீர் கடையையே வாங்கியிருப்பீர். அதில் நேரத்தை மறந்துபோனேன்.

அப்போது தெருவில் ஒரு சத்தம்.

"வசந்தி! வசந்தீ!"

தறப்பாளைத் தூக்கிப் பார்த்தேன், உம்முடைய அண்ணா. தொப்பலாக நனைந்து, ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார். "ஓம், இஞ்ச நிக்கிறன்!" என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

நடுத்தெருவில் அப்படியே நின்றார்.

"நான் என்னெண்டு கூப்பிட்டனான்?"

"வசந்தி எண்டு கூப்பிட்டனீங்கள்."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார் மச்சாள். மழைக்குள் நின்று, அவ்வளவு காலத்து அழுகையையும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவள் இருந்திருந்தா இந்த மழைக்க நிண்டு ஆடியிருப்பாளப்பா, விசரி" என்றார். சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு! கடைக்காரப் பெண் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். அதில் இருந்துகொண்டு உம்முடைய புதினமெல்லாம் அவளுக்குச் சொன்னார், முழுக்க முழுக்கத் தமிழில். நீர் முதல்முதல் கார் ஓடப் பழகிப் பக்கத்து வீட்டு வேலியை இடித்தது வரை. அவளுக்கு ஒரு சொல் விளங்கியிருக்குமோ? தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோசத்தில் குடை வாங்கவும் மறந்துபோச்சு.

மலை கிடக்கட்டும். அது அங்கேதானே நிற்கிறது. ஜனவரியில் அங்கே வெயிலாம், திரும்பவும் போவோம் என்று உம்முடைய அண்ணாவே சொல்லிவிட்டார்.

இன்று காலையில் மேல்மாடியில் இருந்து கத்துகிறார், "வசந்தி, என்ர கண்ணாடி எங்க?" கையில் கரண்டியோடு ஒரு கணம் நின்றேன். முந்தி நீர்தானே முதலில் ஓடுவீர். நீர் ஓடுவீர் என்று காத்து நின்றேன் போல. பிறகு நான்தான் ஓடினேன். அவர் எத்தனை தரம் கூப்பிட்டாலும் இனி உமக்கும் சேர்த்து நான் ஓடிப்போவேன். இது சத்தியம்.

உம்முடைய பெயருக்கும் "ஓம்" சொல்லும்
மச்சாள்