அடியில் தேய்த்த சங்கு

மார்ச் 3
அன்புள்ள அக்காவுக்கு,
இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் தொட்டி கட்டத் தோண்டினோம். நாலடி ஆழத்தில் இந்தக் கல் சங்கு கிடைத்தது. என் அலமாரிக் கற்களில் இப்படி ஒன்றுகூட இல்லை. மியூசியத்தில் உன் மேசைக்கு வராத சங்கா! என்ன சங்கு, எத்தனை வயது என்று எழுது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.
உன் தம்பி

மார்ச் 11
அன்புத் தம்பிக்கு,
பெட்டி உடையாமல் வந்தது. இது சங்கே இல்லை, கல்லாகிப்போன அம்மோனைட் என்ற கடல்பிராணி. கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். பத்துக் கோடி வயதுக்குக் குறையாது.
ஒரு சந்தேகம். உங்கள் பக்கம் முழுக்கச் செம்மண். இதன் வாயில் அடைத்திருப்பதோ வெள்ளைச் சுண்ணாம்புக்கல். உண்மையில் எங்கே எடுத்தாய்? கோபித்துக்கொள்ளாதே, பதிவேட்டில் இடம் எழுத வேண்டும்.
அக்கா

மார்ச் 16
அக்கா,
தோண்டிய இடத்தைத்தான் சொன்னேன். யாரோ கொட்டிய மண்ணோடு வந்திருக்கும். ஒரு சங்கைக் காட்டினால் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாயே! உன் மருமகளே, "அத்தை ஏன்பா இப்படிக் கேக்குறாங்க?" என்கிறாள். பதிவேடெல்லாம் வேண்டாம். திருப்பி அனுப்பிவிடு.
தம்பி

மார்ச் 22
தம்பிக்கு,
அனுப்ப மாட்டேன். அடியில் ஓரிடம் மட்டும் உப்புத்தாளால் தேய்த்தது போல வழவழத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை வர்ணத்தில் மிச்சம்: 417. எங்கள் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே 'காணவில்லை' என்றிருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன், நீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த வாரம். அலமாரிச் சாவி காவலாளியிடம் இருந்தது. "நான் தொடக்கூட இல்லைங்க மேடம்" என்று அழுதார். புகாரில் கையெழுத்துப் போட்டவள் நான். அவருக்கு வேலை போயிற்று.
நீ எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுது. நம்புகிறேன்.
அக்கா

ஏப்ரல் 2
அக்கா,
மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். அந்த வரி வரவில்லை. அது அலமாரியில் இல்லை, உன் மேசையில் கிடந்தது. நீ கை கழுவப் போயிருந்தாய். பையில் போட்டுக்கொண்டேன். ஒருவருக்கு வேலை போனது சத்தியமாகத் தெரியாது. இத்தனை வருடம் அதன் பெயர் தெரியாமல் வைத்திருந்தேன். தெரிந்துகொள்ளும் ஆசை விடவில்லை. எண்ணைத் தேய்த்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.
தம்பி

ஏப்ரல் 9
தம்பிக்கு,
உன் கடிதத்தையும், மேசையில் வைத்து மறந்தவள் நானே என்று எழுதிய என் கடிதத்தையும் இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன். காவலாளி வீட்டுக்கும் போனேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "இதை என் பொண்ணுகிட்ட நீங்களே சொல்றீங்களா?" சொன்னேன். அவள் கதவைப் பிடித்தபடியே, "எடுத்தவரு வரலையா?" என்றாள்.
விலாசம் பின்பக்கம் இருக்கிறது. முதலில் அங்கே போ. எனக்கு அப்புறம் எழுதலாம்.
அக்கா