அப்பாவின் அறையிலிருந்து வெளியே போனவை

பெப். 3, செவ்வாய்

ஈரப் பனி, காற்று. பிராண்டே வீதி முழுக்க வழுக்கல். வேலை முடிந்து கிரின்ஸ்டெட் வீடு வந்து சேர வழமையைவிட இரட்டை நேரம்.

செய்ய: கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர். வெந்தயம், செத்தல் மிளகாய். கொம்மூன் நகரசபைக்குப் போன் (அப்பாவின் கட்டில்). கிளவுட் பில், என்ன இது?

அப்பா படுக்கையில் விழுந்தபோது மகள் ஷெறின் அவருடைய அறை அலுமாரிக்கு மேல் ஒரு கமரா பூட்டித் தந்தாள். நான் வேலையிலிருந்தும், தங்கை ரீற்றா மன்னாரிலிருந்தும் அவரைப் பார்ப்பதற்கு. படம் போய்ச் சேரும் கிளவுட் கணக்கு ஷெறின் பெயரில், காசு என் கார்ட்டில். அப்பா நவம்பரில் போய்விட்டார். பில் மட்டும் மாதாமாதம். பெரிய காசில்லை, ஒரு நல்ல மீன் வாங்கலாம். ஆனால் எதற்கு?

எட்டிப் பார்த்தேன். குருத்தோலைச் சிலுவைக்குப் பக்கத்தில் கமரா இன்னும் பச்சை வெளிச்சத்தோடு. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தும் அந்த அறையில் நாங்கள் எதையும் அசைக்கவில்லை.

பெப். 4, புதன்

பகல் முழுக்க இருட்டு. இறைச்சி கரிந்துவிட்டது.

ஷெறினோடு போனில், அவள் ஓல்போர்க்கில் படிக்கிறாள். டேனிஷில் விளக்கினாள். கமரா படத்தை மேலே அனுப்புவதற்குக் காசில்லை, எவ்வளவு அனுப்பினாலும் சும்மாதான். அங்கிருந்து யாராவது கீழே இறக்கிப் பார்த்தால்தான் காசு. பில்லில் 'வெளியே சென்ற தரவு' என்று இருப்பது அதுதானாம்.

அப்படியென்றால் யாரோ பார்க்கிறார்கள் என்றேன்.

"ஓம், அம்மா."

அவள் தமிழுக்கு மாறினால் விஷயம் சின்னதில்லை.

எந்தப் பக்கத்துக்குப் போனது என்றும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பா: ஒன்றுமில்லை. ஆசியா: எல்லாம்.

ரீற்றா. நவம்பருக்குப் பிறகு என்னோடு கதைக்காதவள். விசா மறுத்துவிட்டார்கள், திரும்பக் கேட்கிறேன், அதுவரை அப்பாவை வைத்திருங்கோ என்றாள். இங்கே அப்படி வைத்திருக்க விடமாட்டார்கள் என்றேன், நம்பவில்லை. அடக்கப் பூசையைக் கோயிலிலிருந்து போனில் நேரடியாகக் காட்டியதும் பாதியில் நின்றுபோனது. பெட்டி வெளியே போனதை அவள் பார்க்கவில்லை. "அவசரப்பட்டுப் புதைச்சுப்போட்டியள்." கடைசியாக அவள் சொன்னது அதுதான்.

பெப். 6, வெள்ளி

எந்த நேரம் தரவு போனது என்று பார்க்கும் இடத்தை ஷெ. காட்டித் தந்தாள். கோடு கோடாக ஒரு படம்.

எல்லாம் பின்னேரங்களில். நான் காலை வேலை முடிந்து வந்து அப்பாவின் கட்டிலில் சரியும் நேரம்.

(இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. திரைச்சீலையை மூடிவிட்டு, அவருடைய போர்வையைத் தலைவரை இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி. அங்கே மட்டும்தான் நித்திரை வருகிறது.)

நான் ஹெர்னிங்குக்குப் போன அன்று கோடு இல்லை. காய்ச்சலோடு மேல் அறையில் கிடந்த நாட்களில் இல்லை. வெறும் அறையை ஒருநாளும் அவள் கன நேரம் பார்த்ததில்லை.

அவள் பார்ப்பது என்னை. நித்திரையில், முதுகை, ஒரு வார்த்தை கதைக்காமல். பயமாக இருக்கிறது. கோபமும் வருகிறது, கதைக்க மனமில்லாதவளுக்குக் களவாகப் பார்க்க மட்டும் மனமிருக்கிறதா? இன்று சோபாவில் படுத்தேன். கண் மூடவில்லை.

பெப். 8, ஞாயிறு

பூசை. நின்று கதைக்காமல் வெளியே வந்தேன். பின்னால் ஒருத்தி: "தேப்பன் போனதோட மனிசி பாதியாப் போச்சு." எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

கமரா வயரைப் பிடுங்கு என்கிறாள் ஷெ. கதிரையில் ஏறிக் கையும் வைத்தேன். பிறகு இறங்கிவிட்டேன். அதையும் பிடுங்கினால் ரீற்றாவுக்கும் எனக்கும் இடையில் ஒன்றுமே இல்லை.

போர்வையில் இன்னும் கோடாலித்தைல மணம். தோய்க்க வேண்டும். தோய்க்க மாட்டேன்.

பெப். 10, செவ்வாய்

கொம்மூனிலிருந்து போன். கட்டில் அவர்கள் இரவல் தந்தது. ஏற்கெனவே தவணை கேட்டுவிட்டேன், இனி முடியாதாம், இன்னொரு நோயாளி காத்திருக்கிறார். வியாழன் வருவார்கள்.

அதற்குப் பிறகுதான் ரீ.வுக்கு எடுத்தேன். உடனே எடுத்தாள். பில்லைப் பற்றிச் சொன்னேன், பார்ப்பது தெரியும் என்றேன்.

"உங்களை வேவு பாக்கேல்ல அக்கா. போர்த்திக்கொண்டு அங்கால திரும்பிப் படுத்தா நீங்கள் அப்பா மாதிரியே கிடக்கிறியள். முதல் நாள் எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு. பிறகு அதைத்தான் பாக்கிறனான்."

நான் எழும்பும்போது என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"நீங்கள் அசைஞ்சா உடன நிப்பாட்டிப்போடுவன்."

உயிரோடு இருக்கிற மனிசி நான், இத்தனை நாளும் மன்னாரில் செத்தவராகக் கிடந்திருக்கிறேன். ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை. கட்டில் போகப்போகிறது என்றதும் அழுதாள். நானும்தான்.

பெப். 11, புதன்

நாளைக்கு லீவு சொல்லியாயிற்று.

பின்னேரம் கட்டிலில் படுத்தேன், பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டே. நித்திரை வரவில்லை. கால் விறைத்தது, மூக்குக் கடித்தது. அசையவில்லை. அவளுக்குப் போதும் என்று தோன்றும்வரை கிடந்தேன்.

பெப். 12, வியாழன்

வெயில், அதிசயமாக.

நீலக் கையுறையோடு இரண்டு பேர். மரியாதையானவர்கள்தான், ஆனால் அவசரம், வெளியே அவர்களுடைய வான் எஞ்சின் இரைந்துகொண்டு நின்றது. ரீ. கமராவில் பார்த்துக்கொண்டு, போனிலும் என் காதில். விரிப்பை நானே கழற்றினேன். கட்டிலை உருட்டிய வேகத்தில் வாசல் நிலையில் இடித்தது.

"மெல்லமாக் கொண்டு போகச் சொல்லுங்கோ அக்கா."

டேனிஷில் சொன்னேன். ஏனென்று கேட்கவில்லை. மெல்ல உருட்டினார்கள்.

கமராவுக்கு வாசல்வரைதான் தெரியும். போன் வீடியோவைப் போட்டு, கட்டிலைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். விறாந்தை, படி, முற்றத்துப் பனி. ரீ. மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினாள். பாதியில் நானும் சேர்ந்துகொண்டேன். வான் தெருமுனையில் திரும்பும்வரை இருவரும் நிறுத்தவில்லை.