சிங்கப்பூரில் யாரும் இல்லை

திருப்பத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் உமையாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, கேஸ் ரசீதின் பின்பக்கத்தில் கணவன் கண்ணப்பனுக்கு எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"காரக்குழம்பு அடுப்புமேல இருக்கு. உப்பு கம்மி, உங்க பிரஷருக்காகத்தான். சிலிண்டர்காரர் வருவாரு. பின்கட்டுச் சாவி அரிசி டின்னு மேல.

நேத்து சாப்பிடையில என் மாமனாரு, உங்க அப்பச்சி முன்னாடி, 'சிங்கப்பூர்ல உனக்கு யாருடி?'ன்னு கேட்டீக. யாரும் இல்ல. பஸ் ஸ்டாண்டு வைஃபையில எவனும் என் போனை நோட்டம் விடக்கூடாதுன்னு விபிஎன் போட்டிருக்கேன். அது சிங்கப்பூர் வழியாப் போகுது. நான் காரைக்குடியில இருந்து மெயிலைத் திறந்தாலும், திறந்த இடம் சிங்கப்பூர்னுதான் மெயிலுக்குள்ள பதிவாகும்.

அந்தப் பதிவு, என் மெயிலுக்குள்ள புகுந்து பாத்தவுகளுக்குத்தான் தெரியும். பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"இன்னைக்கு விபிஎன்னை ஜப்பானுக்கு மாத்தியிருக்கேன். அங்குட்டு யாருன்னு ராத்திரி சாப்பிடையில கேளுங்க. நீங்க எதைத் திறந்து பாத்தீகன்னு உங்க அப்பச்சி முன்னாடியே சொல்றேன்."