பன்றி முடிப் பிரஷ்

கரமனை,
கொல்லம் 1111 துலாம் 9

சிரஞ்சீவிக்கு,

காலமான அம்மாவுக்காக வளர்த்த தீட்சைத் தாடியை, வருஷம் முடியும் முன்பே நீ மழித்தது தப்பு.

சாலைக் கடைத்தெருவில் கடைக்கார வேலாயுதன் என்னை நிறுத்திச் சொன்னான்: "சாமீ, மகன் முதல் ஷேவிங் பிரஷ் வாங்கியாச்சு கேட்டோ! நாலஞ்செண்ணத்தைக் கன்னத்தில உரசிப் பாத்துட்டு, பன்னி முடிதான் நல்ல விறைப்புன்னு எடுத்தாரு."

ஆபீசில் துரை முகம் சுளித்தார் என்பாய். சுளிக்கட்டும். அவருடைய தாயாருக்கா நீ பிண்டம் வைக்கப்போகிறாய்?

தீட்சையைக் கலைத்தவன் வருஷத் திவசத்தில் கர்த்தாவாக உட்காரக் கூடாது என்கிறார் சாஸ்திரிகள். நானே செய்யலாம். ஆனால் அவள் உன் கையால்தான் வாங்கிக்கொள்வாள்.

ஆகையால் இன்று முதல் உன் முகத்தில் கத்தி படக் கூடாது. அந்தப் பிரஷ் இந்த வீட்டு வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது. சாஸ்திரிகளிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாட்டுப்பெண் விஜயலக்ஷ்மி திவசத்துக்கு முன்கூட்டியே வந்து, பூட்டிக் கிடக்கும் சமையலறையைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா