இருபத்தாறு படி ஏறிய தண்ணீர்

அக்டோபர் 9, 2005. ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் ஜெரி ஆரம்பித்துவிட்டார். மாதவரத்தில் வீடு பார்த்தாராம். தரைத்தளம், போர்வெல் தண்ணீர். "டெய்லி மாடிக்கு இருவத்தாறு படி, நாலு கொடம் தூக்குறேன். என் இடுப்பு பூடுச்சு ஃப்ளோரி. கல்லறைத் திருநாளுக்குள்ள அந்த வூட்டு ஓனருக்குப் பதில் சொல்லணும்."
அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் எரிச்சல். ராயபுரத்தை விட்டு நான் எங்கே போவேன்? பிறந்தது இங்கே, கல்யாணம் இங்கே, சண்டை போட ஆள் இருப்பதும் இங்கேதான்.

அக்டோபர் 14
கீழ்வீட்டு ரமாபாய் தெருக் குழாயோடு இணைத்த அடிபம்பைப் பிடித்தால் குழாய்த் தண்ணீர் முழுக்க அவளுக்கு. மாடியில் எங்கள் குழாய்க்கு வெறும் காற்று. கேட்டால், "இன்னாக்கா பண்ண சொல்ற? நான் அடிக்கலன்னா எதிர்வூட்டுக்காரி இஸ்துக்குவா" என்கிறாள். அதுவும் நியாயம். தெருவில் எல்லாரும் நியாயஸ்தர்கள், தண்ணீர்தான் இல்லை.

அக்டோபர் 19
மழை. சாயங்காலம் மாடிக் குழாய் இருமியது. ஒரு சொம்பு வந்தது! எப்படி?

அக்டோபர் 21
மறுபடி மழை. மூன்று சொம்பு! எட்டிப் பார்த்தேன், புரிந்துவிட்டது. மழை வந்தால் தெருவே அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூரைத் தண்ணீர் பிடிக்க ஓடுகிறது. பம்பை யாரும் தொடுவதில்லை. இழுக்க ஆளில்லை என்றதும் தண்ணீர் மேலே ஏறுகிறது. குதித்துக்கொண்டு போய் ஜெரியிடம் சொன்னேன்.
"மழை நின்னா?" என்றார்.
பாவி மனுஷன்.

அக்டோபர் 25
வெயில். ஒரு சொட்டு இல்லை. ஜெரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடத்தைத் தூக்கினார். அதுதான் பேஜார்.

அக்டோபர் 28
இரண்டு நாளாக அடைமழை. துணி எதுவும் காயவில்லை. பெய்யட்டும்.

நவம்பர் 2. கல்லறைத் திருநாள்
காலையில் பளீரென்று வெயில். இன்றைக்கா அடிக்க வேண்டும்? குழாயைத் திறந்தேன், காற்றுகூட இல்லை. போய்த் தொலை என்று மூடாமல் அப்படியே விட்டுவிட்டு அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டேன்.
திரும்பி வந்தால் படியெல்லாம் தண்ணீர்! கீழே ரமாபாய் நனைந்த தலையோடு கத்துகிறாள். "யக்கா, எங்க வூட்டு மேல ஒழுவுது! நான் பம்பையே தொடல. ஏரியெல்லாம் ரொம்பிச்சாம், கொழாய்ல தானா கொட்டுது!" திட்டுகிறாளா, சந்தோஷப்படுகிறாளா? கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மேலே ஓடினேன்.
எனக்கு முன்பே வீடு திரும்பிவிட்ட ஜெரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் தண்ணீர் வாரிக்கொண்டிருந்தார்.
"மாதவரத்துக்காரன் போன் பண்ணான்."
நான் அவர் கையிலிருந்த சொம்பைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னா சொன்னே?"
"எங்க வூட்ல வெள்ளம், வர முடியாதுன்ட்டேன்."